சுங்கை சிப்புட் மாலைக் காற்பந்துப் பயிற்சி: பந்து சுமார், வேன் அருமை

மாதக் கட்டணம் 10 வெள்ளி (ரிங்கிட்). கொடுக்க முடியாத வீட்டுக்கு அதுவும் கிடையாது. 12 முதல் 17 வயது வரையிலான பையன்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7.15 வரை, வெள்ளி, சனி இரவு 8 முதல் 10 வரை பயிற்சி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் என்னும் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகளை வேனில் ஏற்றி வந்து, பழைய தோட்டத் திடல் ஒன்றில் விளையாடவைத்து, வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். காற்பந்து கற்றுக்கொடுக்கும் இடமாக மட்டும் பார்த்தால் 10-க்கு 6 கொடுக்கலாம். பையனைக் குண்டர் கும்பலிடமிருந்து தள்ளிவைக்கும் சேவையாகப் பார்த்தால் 8.

முதல் குறை நோட்டீசிலேயே இருக்கிறது. "குண்டர் கும்பலிலிருந்து பிள்ளைகளைக் காப்போம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நன்கொடை கேட்கப் போகும்போது இந்த வாசகம் உதவும், ஆள் சேர்க்க உதவாது. எந்த அம்மா தன் மகனை அந்த வரிக்குக் கீழே பெயர் எழுதிப் பதிவாள்? கோயில் வாசலில் நான்கு பேர் பார்க்க அந்த விண்ணப்பப் பாரத்தை வாங்கவே கூசுவார்கள். விளைவு என்னவென்றால், எந்த வம்புக்கும் போகாத பிள்ளைகள் முதலில் வந்து சேர்கிறார்கள். யாருக்காகத் தொடங்கினார்களோ அவன் பஸ் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். "இலவச வேன், இரவு விளக்கில் காற்பந்து" என்று போட்டாலே போதும், அவனும் வருவான்.

நேரத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இவர்களுக்கு ஊர் தெரியும் என்பது தெரிகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகள் காலியாகிக் குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கு மாறின, தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். இங்கே பல வீடுகளில் இப்போது வருமானம் தொழிற்சாலை ஷிப்டுதான். சாயங்காலம் அம்மா கம்பெனி பஸ் ஏறினால் விடிந்துதான் வீடு திரும்ப முடியும். அப்பா லாரியிலோ செக்யூரிட்டி வேலையிலோ இருப்பார். ஆக ஏழு மணியிலிருந்து பதினொரு மணிவரை வீட்டில் கேட்க ஆளில்லை, வெள்ளி, சனியில் மறுநாள் பள்ளி என்ற பயமும் இல்லை. இங்கிலாந்தில் 2006-இல் பிரிமியர் லீக் கிளப்புகள் லண்டன் போலீசோடு சேர்ந்து கிக்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, தொல்லை அதிகமாக இருக்கும் மாலை வேளைகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பயிற்சி வைக்கும் கிளப்புகள் நம் பக்கம் நிறைய உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள், ஆனால் சனி இரவு ஒன்றரை மணிவரை வெளியில் சுற்றியவன் அந்த நேரத்தில் போர்வைக்குள் இருப்பான்.

கும்பல் ஒரு பதின்மூன்று வயதுப் பையனை எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் இந்தச் சேவையின் அமைப்பு விளங்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் எல்லாருக்கும் தெரிந்த முகமாக இருந்தவன், மொழி பழகும் ஓராண்டுப் புகுமுக வகுப்பிலோ, இடைநிலை முதலாண்டான படிவம் ஒன்றிலோ பெரிய இடைநிலைப்பள்ளிக்குள் போய் விழுகிறான். மொழி தடுமாறுகிறது, கழிப்பறையில் அடி விழுகிறது. அப்போது ஓர் அண்ணன் வந்து, "உன்னை யாரு தொட்டா சொல்லு தம்பி" என்கிறார். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பார், மோட்டார் சைக்கிளில் வீட்டில் விடுவார். கொஞ்ச நாள் கழித்துக் கும்பலின் அடையாளமான ஓர் எண்ணையும் கொடுப்பார். பாதுகாப்பு, சாப்பாடு, சவாரி, எண் என்று இந்த நான்கையும் வரிசையாகக் கொடுத்தாகிவிட்டால் பிறகு எந்தச் சொற்பொழிவும் எடுபடாது.

இந்தப் பயிற்சி முதல் மூன்றுக்கும் மாற்று வைத்திருக்கிறது. ஒவ்வொரு புதுப் பையனுக்கும் அவன் படிக்கும் அதே பள்ளியில் படிவம் நான்கு, ஐந்தில் இருக்கும் ஒரு மூத்த ஆட்டக்காரன் துணை. ஓய்வு நேரத்தில் காண்டீனில் அவனோடு உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆட்டம் முடிந்ததும் கொண்டைக்கடலைச் சுண்டலும் மைலோவும். நாற்பது பேருக்கு மூன்று கிலோ காய்ந்த கடலை, முதல் நாள் இரவே ஊறவைத்தது. தலைக்கு 75 கிராம் கணக்கு. பள்ளியில் பத்து மணிக்குச் சாப்பிட்டதோடு வயிறு காலியாக வருகிறவனுக்கு அது சிற்றுண்டியே இல்லை, இரவுச் சாப்பாடு. பிஸ்கட் போதும் என்று நினைக்கும் குழுக்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

வேன்தான் மூன்றாவது. எங்கள் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குவதும் அதுதான். பதினாறு இருக்கை வண்டி இரண்டு நடை அடிக்கிறது. எட்டு மணிக்கு ஆட்டம் என்றால் 6.45-க்கு முதல் நடை. திரும்பும்போது கடைசியாக இறங்குகிறவன் யார் என்பதை ஓட்டுநர் தன் இஷ்டத்துக்கு முடிவுசெய்வதில்லை. யாருடைய வீட்டில் இரவு ஆள் இல்லையோ அவன்தான் கடைசி. அந்தப் பத்து நிமிடத்தில் அவன் ஓட்டுநரோடு தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக வண்டியில் எப்போதும் இன்னொரு பெரியவரும் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பெரியவர் இல்லாமல் வண்டி கிளம்பாது என்ற விதியை உதவிப் பயிற்றுநர் வராத நாளிலும் மீறவில்லை, இரண்டாம் நடையையே அரைமணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பெற்றோர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், பிள்ளைப் பாதுகாப்பில் அந்த விதிக்கு விலக்கே கூடாது.

இனி திடல். மாட்டுப்புல், லேசான சரிவு, ஒரு பக்கம் சாக்கடை, கோல் முன்னால் மழை பெய்தால் குட்டை. மணல் போட்டு நிரப்பியிருக்கிறார்கள், ஆனால் கட்டட வேலைக்கான கரடு மணல், முழங்காலைச் சீவுகிறது. இரவில் ஜெனரேட்டரில் நான்கு எல்.இ.டி. விளக்குகள். முழுத் திடலுக்கு வெளிச்சம் எட்டாது என்பதால் பாதித் திடலைக் குறுக்காகப் பிரித்து 30-க்கு 20 மீட்டரில் இரண்டு சின்ன ஆடுகளம் போடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கஞ்சத்தனம் போலத் தெரியும். நாலுக்கு நாலு ஆட்டத்துக்கு அதுவே சரியான அளவு, ஒவ்வொருவன் காலிலும் பந்து அடிக்கடி படும். தூக்கி வைக்கும் கோல் கம்பங்களின் பின்சட்டத்தில் மணல் மூட்டை போட்டிருக்கிறார்களா என்று எங்கே போனாலும் முதலில் பாருங்கள். குறுக்குக் கம்பியில் தொங்கி, கம்பம் சாய்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இங்கே மூட்டை இருக்கிறது.

பந்துகள் எல்லாம் 5-ஆம் அளவு. இது தவறு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு 4-ஆம் அளவுதான் பொருத்தம், சுற்றளவு 63.5 முதல் 66 சென்டிமீட்டர், எடை 350 முதல் 390 கிராம். 5-ஆம் அளவுப் பந்து 410 முதல் 450 கிராம், அதுவும் நனைந்தால் இன்னும் கனம். சின்னவன் பாஸ் கொடுத்தால் போய்ச் சேராது, சேராததைப் பெரியவன் கிண்டல் பண்ணுவான், மூன்றாம் வாரம் சின்னவன் வரமாட்டான். காற்றடைக்கும் பம்ப் இருக்கிறது, அழுத்தம் பார்க்கும் கருவி இல்லை. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே காலத்தை ஓட்டுகிறார்கள்.

பயிற்சி நிமிடக் கணக்கில் இப்படிப் போகிறது. வந்தவுடன் 10 நிமிடம் இஷ்டப்படி பந்து தட்டல், தாமதமாக வரும் இரண்டாம் நடைக்கு அதுவே இடைவெளி. பிறகு உடல் சூடேற்றல். எட்டு மீட்டர் சதுரத்தில் நான்கு பேர் சுற்றி நின்று இரண்டு பேரிடமிருந்து பந்தைக் காக்கும் ஆட்டம் 15 நிமிடம். அதன்பின் நாலுக்கு நாலு, ஆறு நிமிட ஆட்டங்கள், அணி மாறி மாறி. கடைசியில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு. நடுவில் வரிசையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். இருபத்து நான்கு பேரை ஒரே வரிசையில் நிறுத்திக் கோல் அடிக்கச் சொன்னால், ஒருவனுக்குப் பதினைந்து நொடி என்றாலும் மறுமுறை வர ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்தில்தான் பின்னாலிருந்து தட்டுவது, அம்மாவை இழுத்துப் பேசுவது, பள்ளிப் பகையைக் கிளப்புவது எல்லாம் நடக்கும். திடல் சண்டைகளில் பெரும்பாலானவை பந்துக்காக வருவதில்லை, வரிசையில் நிற்கவைத்ததால் வருகின்றன.

சூடேற்றலில் ஏமாற்றுகிறார்கள். ஃபிஃபா 11+ என்னும் காயத்தடுப்புச் சூடேற்றல் செய்கிறோம் என்கிறார்கள். அது மூன்று பகுதியாக 15 பயிற்சிகள் கொண்டது, எட்டு நிமிட ஓட்டம், பத்து நிமிட வலிமை, சமநிலைப் பயிற்சி, இரண்டு நிமிட வேக ஓட்டம், மொத்தம் 20 நிமிடம். இங்கே ஓட்டம் மட்டும் நடக்கிறது, ஆறு நிமிடத்தில் முடிகிறது. மண்டியிட்டு, ஜோடி கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் தொடைப் பயிற்சியைக் காணவில்லை. ஆரம்ப நிலையில் 3 முதல் 5 தடவை செய்தால் போதும், இரண்டு நிமிடம்கூடப் பிடிக்காது. அதைச் செய்யாததால் பின்தொடை இழுத்துக்கொண்டு பையன்கள் உட்காருகிறார்கள். காயம் பட்ட பையன் மூன்று வாரம் திடலுக்கு வரமாட்டான், அந்த மூன்று வாரமும் வேறு எங்கே இருப்பான் என்பதை யோசித்தால் சூடேற்றலின் அவசியம் புரியும்.

கடைசி வட்டப் பேச்சு நல்ல மரபிலிருந்து வந்தது. 1994 உலகக் கிண்ணத்தில் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்ட கொலம்பிய ஆட்டக்காரர் ஆண்ட்ரெஸ் எஸ்கோபார், ஜூலை 2-ஆம் தேதி மெடெயின் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பிறகு அந்த நகரத்தில் தெரு இளைஞர்களுக்காக உருவான ஆட்டமுறையில் நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன் இரு அணியும் உட்கார்ந்து விதி பேசும், ஆடும், முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து யார் நேர்மையாக ஆடினார்கள் என்று தாங்களே புள்ளி போடும். இப்போது பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. இங்கே வெள்ளிக்கிழமை இரவு மட்டும் அப்படி ஆடுகிறார்கள். ஜெயித்தால் மூன்று புள்ளி, எதிரணி கொடுக்கும் நேர்மைப் புள்ளி மூன்று வரை. தோற்ற அணி பட்டியலில் மேலே ஏறுவதும் உண்டு. முதல் மாதம் எல்லா அணியும் கூட்டுச் சேர்ந்து ஒருவருக்கொருவர் மூன்று மூன்று போட்டுக்கொள்ளும், அது வழக்கம்தான். ஒரு புள்ளி குறைத்தால் காரணம் சொல்ல வேண்டும், மூன்று கொடுத்தாலும் காரணம் சொல்ல வேண்டும் என்று விதி வைத்த பிறகு சரியாகிவிட்டது. "இவன் என் காலை மிதிச்சான், கையத் தூக்கி ஒத்துக்கிட்டான், அதான் மூணு" என்று ஒரு பதினான்கு வயதுப் பையன் பேசுவதைக் கேட்க நன்றாக இருக்கிறது.

நான்காவதாகச் சொன்ன எண்ணுக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 04, 08, 36 போல எண்ணையே பெயராகக் கொண்டவை உண்டு. அந்த எண்கள் சட்டையிலும் கொடியிலும் சவ ஊர்வலங்கள்வரை வந்ததை நாடே பார்த்தது. ஆகையால் ஜெர்சி எண் நம் ஊரில் வெறும் எண் இல்லை. பையன் எட்டைக் கேட்டால் அது நடுக்கள ஆட்டக்காரனின் ஆசையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இங்கே பயிற்சிக்கு எண் இல்லாத நிறத் துணிகள்தான். போட்டிக்கு மட்டும் எண், அதையும் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் மாறும். ஜெர்சி வாங்கித் தருகிறேன் என்று முன்வரும் புரவலர் யார், தொழில் என்ன என்று செயற்குழு கேட்கிறது, முதுகில் பட்டப்பெயர் அச்சடிக்க விடுவதில்லை. ஜெர்சி கொடுத்த அண்ணன் பிறகு பையனையும் தன்னுடையவன் என்றுதான் நினைப்பார்.

வருகைப் பதிவேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சாதாரண நீள நோட்டு. வந்தானா இல்லையா என்பதோடு, எத்தனை மணிக்கு, எதில் வந்தான் என்று இரண்டு கட்டம் கூடுதல். மூன்று மாதமாக வேனில் வந்தவன் திடீரென்று யாரோ ஒருவரின் மோட்டாரில் வந்தால் அன்றைக்கே கவனிக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால் மறுநாளே தொலைபேசி, அதற்கும் பதில் இல்லையென்றால் பயிற்றுநரும் ஓர் அக்காவும் வீட்டுக்கே போகிறார்கள். "ஏன் வரல" என்று கேட்பதில்லை. "உன் பூட்ஸ் பெட்டியிலேயே கிடக்கு, கொண்டு வந்தோம்" என்று போகிறார்கள். பையன் உள்ளே ஒளிந்துகொண்டாலும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேறு எங்கோ போகும் வித்தை அத்தோடு முடிந்தது.

அதே நோட்டு சில நாள் சுண்டல் மேசையில் திறந்தபடி கிடக்கிறது. யார் யாருடன் வந்தான் என்பது அதில் இருக்கும்போது, இது சின்னத் தவறு இல்லை. அந்த இரண்டு கட்டங்களையும் தனி நோட்டாக்கிப் பூட்டிவைக்க ஐந்து வெள்ளிப் பூட்டு போதும்.

ஏற்கெனவே வழக்கில் மாட்டிய பையன்களும் வருகிறார்கள். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் வழக்கு பொதுவாகச் சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். குற்றம் உறுதியானால், தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வேண்டும். அந்த அதிகாரிக்குப் பயிற்சிக்குழு ஒரு கடிதம் தருகிறது. வந்த தேதிகள், வராத தேதிகள், கையெழுத்து, வேறு ஒன்றும் இல்லை. "மிக நல்ல பையன்" என்று எழுதித் தரச் சொல்லிப் பெற்றோர் கெஞ்சினாலும் எழுதுவதில்லை. அது சரி, தேதிக்கு இருக்கும் மதிப்பு புகழ்ச்சிக்கு இல்லை. போலீஸ் விஷயத்தில்தான் அவசரப்பட்டார்கள். முதல் வாரமே சீருடையில் அதிகாரியை அழைத்து உரையாற்றவைத்தால், மறுவாரம் பாதி பேர் வரமாட்டார்கள், மீதியில் சிலர் வெளியில் "போலீஸ் ஆள்" என்று பேர் வாங்குவார்கள். இரண்டு மாதம் கழித்து, டிராக் பேன்ட் போட்டு, நாலுக்கு நாலில் ஓர் ஆளாக அவர் ஆடட்டும். பேச வேண்டியது தானாக வரும்.

வில்லங்கமானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தனிக்குழு வைக்கச் சொல்லி ஊரில் சிலர் ஆலோசனை தருகிறார்கள். வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939 முதல் 1945 வரை நடந்த கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வில், பையன்களுக்கு ஆலோசகர், படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் தேடிப் பார்த்தபோது உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நன்றாக இல்லை. முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்கள் இன்னும் மோசம். ஒரே மாதிரிப் பையன்களை ஒன்றாக அடைத்தால், ஒருவன் வீரத்தை இன்னொருவன் கைதட்டி வளர்ப்பான். இந்தத் திடலில் எட்டுப் பேர் குழுவில் அப்படிப்பட்டவர் இரண்டுக்கு மேல் போவதில்லை, ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் ஒரே அணியில் இல்லை. நோட்டீசில் இருக்கும் புத்தியைவிட அணி பிரிப்பதில் இருக்கும் புத்தி பெரிது.

அப்படியிருந்தும் போட்டிக் காலம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறது. எழுவர் காற்பந்து விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பயிற்றுநருக்குக் கோப்பை கண்ணில் ஆடத் தொடங்குகிறது. பத்துப் பேர் தேர்வாகிறார்கள், மற்றவர்கள் ஓரத்தில் பந்து பொறுக்குகிறார்கள். வெட்டப்படுகிறவர்கள் யார்? பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்கள், கோபக்காரர்கள், சிகரெட் பிடித்து மூச்சு வாங்குகிறவர்கள். இந்தச் சேவை யாருக்காகவோ அவர்கள்தான். கோப்பை அலமாரிக்கு வருகிறது, அந்தப் பையன்கள் பஸ் நிலையத்துப் படிக்கே திரும்புகிறார்கள். 1987-இல் நைரோபியின் மதாரே பகுதியில் தொடங்கிய இளைஞர் விளையாட்டுக் கழகம், குப்பை அள்ளிச் சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்த அணிக்கு லீக் பட்டியலிலேயே புள்ளி கொடுத்தது. இங்கும் சாக்கடை சுத்தம், கோடு போடுதல், இளையோர் ஆட்டத்துக்கு நடுவராக இருத்தல் என்று புள்ளி வைத்தால், பத்துப் பேரில் இடம் கிடைக்காதவனுக்கும் பட்டியலில் பெயர் இருக்கும். மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்தது இதற்காகத்தான்.

இன்னொன்று குறைந்தது வயது வரம்புக்காக. படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்து முடிவு வரும்வரை பல மாதங்கள் சும்மா இருக்கும் பதினெட்டு வயதுக்காரனை "வயசாயிருச்சு" என்று அனுப்பிவிடுகிறார்கள். கையில் லைசென்ஸ், பையில் காசில்லை, நேரம் நிறைய. உதவிப் பயிற்றுநராக வாரம் 30, 40 வெள்ளி கொடுத்து வைத்துக்கொண்டு, ஈப்போ தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பம் போட ஒரு மாலை ஒதுக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இடமில்லை, தங்கைகள் வேலியோரம் நின்று பார்க்கிறார்கள்.

மழைக்காலத்தில் சேரும் பெற்றோருக்கு: இடி கேட்டால் ஆட்டம் நிற்கும், கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க விடுவார்கள். அன்றைக்கு வேன் முன்கூட்டியே திரும்பாது. பையன்கள் பழைய கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டு பத்து மணிவரை அங்கேதான் இருப்பார்கள், பயப்பட வேண்டாம். காலணிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். "அடிடாஸ் கம்போங்" என்று ஊரே கேலியாக அழைக்கும், ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் போடும் அந்தக் கறுப்பு ரப்பர் காலணி சேற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் குதிகாலில் மெத்தை இல்லை, உள்ளே தண்ணீர் தேங்கும், பெருவிரல் நகம் கறுக்கும். தடித்த காலுறை இரண்டு போட்டால் முதல் இரண்டு மாதம் சமாளிக்கலாம். திடலில் ஒரு பெட்டி நிறையப் பழைய பூட்ஸ் இருக்கிறது, 5-லிருந்து 10 வரை அளவு. 7 மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும், அந்த அளவுக்காரன் முதல் நடை வேனிலேயே ஏறிவிடட்டும்.